செயற்கை மூட்டில் சீழ் பிடிக்காமலிருக்க: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மூட்டு மாற்று அறுவை பற்றி வந்த கடிதங்களில் கிருமித்தொற்று தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களும் தொற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பணம் கட்டப் போன அன்று, "மூன்று மாத சர்க்கரை 9.6 இருக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் லீவு போட்டு வந்திருக்கிறேன். இன்சுலின் போட்டு உடனே குறைத்துச் செய்ய முடியாதா?
– வாசகி, கோவில்பட்டி

திருப்பி அனுப்பியவர்கள் உங்கள் அம்மாவுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் வெள்ளை அணுக்கள் புண் இருக்கும் இடத்துக்கு மெதுவாகவே வந்து சேரும். வந்தாலும் கிருமியை விழுங்கும் வேகம் குறைவாக இருக்கும். தையல் போட்ட தோல் ஒட்டுவதும் தாமதமாகும்.

மூன்று மாத சர்க்கரை எனப்படும் ஹெச்.பி.ஏ.1.சி. 7.5 அல்லது 8-க்குக் கீழே வந்த பிறகே பெரும்பாலான மருத்துவர்கள் மூட்டு மாற்றுக்கு நாள் குறிக்கிறார்கள். இன்சுலின் ஊசியால் இன்றைய சர்க்கரையை இன்றே இறக்கிவிடலாம். இந்த அளவு அப்படி இறங்காது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். சர்க்கரை படிந்த பழைய அணுக்கள் போய்ப் புதியவை வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதற்காக 6-க்கு இறக்கியே தீருவோம் என்று மாத்திரையை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். வயதானவர்களுக்குத் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழுந்தால் இடுப்பு எலும்பே முறியும்.

இந்த இடைவெளியை வீணாக்க வேண்டாம். ஹீமோகுளோபினும் ரத்தத்தில் ஆல்புமினும் எவ்வளவு என்று பாருங்கள். ஆல்புமின் 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் உடம்பில் புரதம் போதவில்லை என்று பொருள். ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்தை இப்போதே ஆரம்பியுங்கள். ஆபரேஷனின்போது வெளி ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால் தொற்று அபாயம் கூடும். இரண்டு மாதம் இரும்புச்சத்து எடுத்துக்கொண்டால் பலருக்கு அந்தத் தேவையே வராமல் போகும்.

ஆபரேஷன் அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாட்களும் சர்க்கரை 180-ஐத் தாண்டாமல் பார்க்க வேண்டும். வலியும் குமட்டலும் குறைய மயக்க மருத்துவர் தரும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். அந்த நேரம் பார்த்துச் சொந்தக்காரர்கள் ஜூஸும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைத் தடுக்கும் பொறுப்பு, லீவு போட்டு வந்திருக்கும் உங்களுடையது.

கையில் வெட்டுப்பட்டால் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. செயற்கை மூட்டில் கிருமி சேர்ந்தால் மட்டும் ஏன் இத்தனை பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள்?
– வாசகர், திருவண்ணாமலை

உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் ரத்த ஓட்டம் கிடையாது. வெள்ளை அணுவும் மருந்தும் ரத்தம் வழியாகத்தான் வர முடியும் என்பதால், அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்ட கிருமி ஏறக்குறையப் பாதுகாப்பாக இருக்கிறது. 1957-இல் எலெக், கோனன் என்ற இருவர் செய்த சோதனை இன்றைக்கும் பாடமாகச் சொல்லப்படுகிறது. வெறும் தோலுக்குள் சீழ் வைக்க லட்சக்கணக்கான ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானதாக இருந்தன. ஒரு நூலுக்கே இப்படி என்றால், உள்ளங்கை அளவு உலோகத்துக்கு எப்படி இருக்கும்?

ஒட்டிய கிருமி தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தை நெய்துகொள்கிறது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் படியும் பாசி மாதிரி. தண்ணீரை மாற்றினால் பாசி போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். முதல் சில நாட்களில் மெல்லியதாக இருக்கும் இந்தப் படலம், வாரங்கள் போகப் போகக் கெட்டிப்படும். அதன் பிறகு ஆன்டிபயாடிக் காய்ச்சலைத் தணிக்கும், சிவப்பைக் குறைக்கும், கிருமியை அழிக்காது.

முதல்முறை செய்யும் முழங்கால், இடுப்பு மாற்றுகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்கு ஆழமான தொற்று வருகிறது. ஏற்கெனவே மாற்றிய மூட்டைத் திறந்து மறுபடி செய்யும்போது இது இன்னும் கூடும். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்த ஒருவருக்கு நேர்வதைப் பாருங்கள். மூட்டைக் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டால் செய்த தற்காலிகத் துண்டை (ஸ்பேசர்) அந்த இடத்தில் வைத்து, பல வாரம் ஊசி மருந்து ஏற்றி, சில மாதம் கழித்து மறுபடி புது மூட்டு. அதனால்தான் முழு உழைப்பையும் வருமுன் காப்பதில் போட வேண்டும் என்கிறோம்.

நான் விவசாயி, வயது 61. வயலில் நின்று கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் வெடிப்பு எப்போதும் உண்டு. பல்லும் இரண்டு சொத்தை. அடுத்த மாதம் வலது முழங்கால் மாற்று. முன்கூட்டி என்னென்ன செய்ய வேண்டும்?
– வாசகர், மன்னார்குடி

நீங்களாகக் கேட்டது மிக நல்லது. பலர் இவற்றை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. தியேட்டரில் மேசையில் படுக்கவைத்துக் காலைச் சுத்தம் செய்யும்போதுதான் விரலிடுக்குப் புண் கண்ணில் படும். ஆபரேஷன் அங்கேயே ரத்தாகும்.

சேற்றுப்புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் பூஞ்சை. இடுக்கில் தோல் வெந்து கிழிந்த இடம் மற்றக் கிருமிகளுக்கு வாசலாகிவிடும். இன்றிலிருந்தே சேற்றில் இறங்குவதை நிறுத்துங்கள். தினமும் கழுவி, இடுக்குகளைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சைக் களிம்பைப் புண் மறைந்த பிறகும் இரண்டு வாரம் போடுங்கள். வெடிப்புக்கு இரவில் வெந்நீரில் கால் ஊறவைத்து வாசலின் தடவி சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள். சொத்தைப் பல்லை இப்போதே அடைக்கவோ பிடுங்கவோ வேண்டும், ஈறு ஆற நேரம் விட வேண்டும்.

முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் தேதியைச் சொல்லுங்கள். ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் இடையில் மூன்று மாதம் இடைவெளி வேண்டும். வலி தாங்காமல் போன மாதம் வேறு எங்கோ போட்டுக்கொண்ட ஊசியை மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். பீடி, சிகரெட்டை நான்கு வாரம் முன்பாவது விட வேண்டும். நிகோடின் தோலின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், முழங்கால் முன்புறத்தின் மெல்லிய தோல் ஒட்டாமல் கருகக்கூடும்.

முழங்காலை நீங்களே மழிக்காதீர்கள். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், ஒரே இரவில் அவற்றில் கிருமி பெருகும். முடி இடைஞ்சலாக இருந்தால் அன்று காலை மருத்துவமனையில் கிளிப்பரால் வெட்டிவிடுவார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய இரவும் அன்று காலையும் குளியுங்கள். பல இடங்களில் 4 சதவீத குளோர்ஹெக்ஸிடின் திரவ சோப்பு தருவார்கள். அதைக் கழுத்துக்குக் கீழே தேய்த்து, இரண்டு நிமிடம் விட்டு அலசுங்கள். கண்ணிலும் காதிலும் படக்கூடாது. குளித்த பிறகு எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம். துவைத்த துணியை உடுத்தி, துவைத்த விரிப்பில் படுங்கள்.

மூக்குக்குள் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி குடியிருக்கிறதா என்று பஞ்சுக்குச்சியால் எடுத்துப் பார்ப்பார்கள். இருந்தால் 2 சதவீத முபிரோசின் களிம்பை இரண்டு துவாரத்திலும் நாளுக்கு இருமுறை ஐந்து நாள் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைச் சொல்கிறது. ஐந்தாம் நாள் முடிவதும் ஆபரேஷன் நாளும் ஒட்டி வரும்படி ஆரம்பியுங்கள். ஒரு மாதம் முன்பே போட்டு முடித்தால் கிருமி திரும்பக் குடியேறிவிடும்.

எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல், பரிசோதனையில் மட்டும் சிறுநீரில் கிருமி தெரிந்தால் அதற்காக ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியதில்லை. எரிச்சல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எனக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசியும் போகிறது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து என்பதால் இரண்டையும் நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, ஈரோடு

மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் மூட்டுகள் வீங்கி, ஆபரேஷனுக்குப் பிந்தைய நடைப்பயிற்சி கெடும். அடாலிமுமாப் ஊசியில் ஒரு தவணையைத் தாண்டவிட்டு, கடைசி ஊசியிலிருந்து மூன்றாம் வாரத்தில் ஆபரேஷனை வைப்பார்கள். ஆபரேஷன் முடிந்து சுமார் இரண்டு வாரத்தில், தையல் பிரித்து, புண் காய்ந்த பிறகு ஊசி தொடரும். இந்தத் தேதிகளை வாத நோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

"லாமினார் ஃப்ளோ தியேட்டர் உள்ளது" என்று விளம்பரம் செய்யும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டுமா? செலவு கூடுதலாக இருக்கிறதே.
– வாசகர், நாகர்கோவில்

லாமினார் ஃப்ளோ என்பது வடிகட்டிய தூய காற்றை அறுவை மேசை மேல் ஒரே சீராக வீசும் ஏற்பாடு. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மாற்று அறுவையை உருவாக்கிய ஜான் சார்ன்லி, ஆரம்பத்தில் தம் நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேருக்குத் தொற்று வருவதைக் கண்டார். வடிகட்டிய காற்று, உடலை முழுதும் மூடும் உடை, நுண்ணிய நெசவுள்ள கவுன், மேம்பட்ட தையல் முறை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். 1982-இல் லிட்வெல் குழு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்ததிலும் மிகத் தூய காற்று தொற்றைப் பாதிக்கு மேல் குறைத்தது.

ஆனால் அதற்குப் பின் ஆன்டிபயாடிக் முறையாகக் கொடுக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. பல நாட்டு மூட்டுப் பதிவேடுகளில் லாமினார் ஃப்ளோவால் கூடுதல் பயன் தெரியவில்லை. மூட்டு மாற்றுக்காக அதைப் பொருத்த வேண்டியதில்லை என்றே 2016-இல் உலக சுகாதார நிறுவனமும் கருத்துச் சொன்னது. இதற்கு இணங்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள், விவாதம் தொடர்கிறது. எங்கள் கருத்து: இருந்தால் நல்லது, அதற்காக மட்டும் கடன் வாங்க வேண்டாம்.

காற்றில் கிருமியைப் பரப்புவது மனிதர்களின் தோலிலிருந்து உதிரும் செதில்கள். உள்ளே ஆள் கூடினால் செதில் கூடும், கதவு திறந்து மூடினால் காற்றோட்டம் கலையும். எந்த அளவு மூட்டு வேண்டும் என்பதை எக்ஸ்-ரேயில் முன்பே கணித்து, பக்கத்து அளவுகளையும் உள்ளே எடுத்துவைத்துவிட்டால் கதவைத் திறக்கும் அவசியம் குறையும். விலை உயர்ந்த காற்றுக் கருவியின் கீழே செயற்கை மூட்டுக் கம்பெனி ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தால் கருவியால் என்ன பயன்?

தோலுக்கு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்ஸிடின் பூசிய பிறகு, அது தானாகக் காய மூன்று நிமிடமாவது காத்திருக்க வேண்டும். காய்வதற்குள் துணி போர்த்தினால் கிருமிக்கொல்லி வேலை முழுமையாகாது. அத்துடன், ரத்தக் கசிவை மின்சாரத்தால் சுட்டு நிறுத்தும் காட்டரி கருவியின் பொறியில் ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். கையுறை இரட்டையாக இருக்க வேண்டும். எலும்பை வெட்டி முடித்துச் செயற்கை மூட்டைத் தொடும் முன் வெளிக் கையுறையை மாற்ற வேண்டும். நோயாளியின் உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, குளிர்ந்த தோலுக்கு ரத்தம் போகாது. மூடும் முன், நீர்த்த பொவிடோன் அயோடினை மூன்று நிமிடம் ஊறவிட்டுக் கழுவுவது பலரும் கடைப்பிடிக்கும் முறை. 500 மி.லி. சலைனில் 10 சதவீதக் கரைசல் 17.5 மி.லி. கலந்தால் வேண்டிய 0.35 சதவீதம் கிடைக்கும். கலக்கும் கரைசல் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும் என்பதைச் சில இடங்களில் கவனிப்பதில்லை.

என் அண்ணனுக்கு ஒரே ஒரு நாள்தான் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து நாள் கொடுத்தார்கள். அண்ணனை ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, காரைக்குடி

இல்லை. இந்த ஊசியின் வேலை, கத்தி வைக்கும் நொடியில் திசுக்களில் மருந்து நிறைந்திருக்கச் செய்வது. எத்தனை நாள் கொடுத்தோம் என்பதைவிட எந்த நிமிடத்தில் கொடுத்தோம் என்பதுதான் முக்கியம்.

வழக்கமான மருந்து செஃபாஸோலின். 2 கிராம், உடல் எடை 120 கிலோவைத் தாண்டினால் 3 கிராம், கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள். வான்கோமைசின் என்றால் எடைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து ரத்த அழுத்தம் விழும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கும். முழங்காலில் இன்னொரு கவனம் தேவை. தொடையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிக்கெட் பட்டையை இறுக்கிய பிறகு கொடுத்த மருந்து காலுக்குப் போகாது, இறுக்குமுன் முழு அளவும் உள்ளே போயிருக்க வேண்டும். ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ரத்த இழப்பு ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ செஃபாஸோலினை இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

24 மணி நேரத்துக்குப் பின் தொடர்வதால் சாதாரணமாகக் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை. வயிற்றுப்போக்கும் மருந்துக்கு மசியாத கிருமியும்தான் மிச்சம்.

செஃபாஸோலின் பென்சிலினுக்கு உறவான மருந்து. அதனால் பென்சிலின் ஒவ்வாமை என்று சீட்டில் எழுதியிருந்தால் என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். சின்ன வயதில் வயிறு கலங்கியதைக்கூட ஒவ்வாமை என்று எழுதியிருப்பார்கள். அதை நம்பி வேறு மருந்துக்கு மாறினால் பாதுகாப்பு குறைகிறது. உண்மையான பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்குச் செஃபாஸோலின் ஒத்துக்கொள்ளும்.

மாமியாருக்கு முழங்கால் மாற்றி ஆறு நாள். வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டின் கீழ்ப்பக்கம் மஞ்சளாகத் தண்ணீர் போல் நனைகிறது. தெரு முனை கிளினிக்கில் காட்டினோம். கட்டைப் பிரித்து மருந்து வைத்து, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தந்தார்கள். போதுமா?
– வாசகி, திண்டுக்கல்

போதாது. இன்றே ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

முதல் இரண்டு நாள் கட்டில் ரத்தக் கறை தெரிவது சாதாரணம். மூன்று நாளைத் தாண்டியும் நனைந்தால் அறுவைக் குழு பார்த்தே ஆக வேண்டும். உள்ளிருந்து வெளியே வர வழி இருக்கிறது என்றால் வெளியிலிருந்து உள்ளே போகவும் வழி இருக்கிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கசிவு நீளும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் முழங்காலில் 29 சதவீதமும் இடுப்பில் 42 சதவீதமும் கூடியது.

கசிவுக்குக் காரணம் எப்போதும் கிருமி இல்லை. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியாலோ மாத்திரையாலோ உள்ளே ரத்தம் கட்டி, அது வழி தேடுவதாக இருக்கலாம். உள்தையல் ஓரிடத்தில் விட்டிருக்கலாம். ஆகவே முதலில் அந்த மருந்தின் அளவைப் பார்ப்பார்கள், முழங்காலை மடக்கும் பயிற்சியை ஓரிரு நாள் நிறுத்துவார்கள், அழுத்தக் கட்டு போடுவார்கள். ஐந்து முதல் ஏழு நாளுக்குள் நிற்கவில்லை என்றால் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து கழுவுவதே சரி. "இன்னொரு ஆபரேஷனா" என்று குடும்பம் பதறும். அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனாலும் இந்தச் சின்ன ஆபரேஷன்தான் பெரியதைத் தவிர்க்கும். கழுவும்போது இரண்டு உலோகங்களுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக்கை மாற்றி, ஐந்து இடங்களிலாவது திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். படலம் கெட்டிப்படுமுன், முதல் நான்கு வாரத்துக்குள் இதைச் செய்தால் மூட்டைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு.

மாத்திரை ஏன் கூடாது? கிருமியை அழிக்காமல் ஒடுக்கிவிடும். கசிவு குறைந்ததுபோல் தெரியும், நாட்கள் ஓடும். பிறகு மூட்டுநீர் எடுத்தால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராது, எந்தக் கிருமி என்றே தெரியாமல் குருட்டாம்போக்கில் மருந்து கொடுக்க வேண்டிவரும். இப்போது ஆரம்பித்துவிட்ட மாத்திரையின் பெயரையும் எத்தனை வேளை போட்டார் என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். மேலே கசியும் நீரைப் பஞ்சில் எடுத்துச் சோதிப்பதிலும் பயனில்லை. தோலில் வாழும் கிருமிதான் அதில் வளரும்.

இன்னொன்று: நன்றாக ஒட்டிய கட்டைத் தினமும் பிரிக்காதீர்கள். தியேட்டரில் போட்ட நீர்புகாத கட்டு நனையாமல் இருந்தால் ஏழு நாள் வரை அப்படியே இருக்கலாம். வீட்டில் தினம் கட்டு மாற்றினால்தான் நல்ல கவனிப்பு என்ற எண்ணம் தவறு. தையல் பிரிக்கும்வரை மஞ்சள், வேப்பெண்ணெய் எதுவும் வைக்க வேண்டாம், பிரித்த பிறகும் பொருக்கு முழுதும் உதிரும்வரை எண்ணெய் போட்டு உருவுவதும், குளம், கிணறு, கடலில் இறங்குவதும் கூடாது.

முட்டை, பருப்பு, மீன் சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். பத்தியம் எத்தனை நாள்?
– வாசகர், பரமக்குடி

ஒரு நாளும் வேண்டாம். சீழ் வருவது கிருமியால், பருப்பால் இல்லை. புதுத் திசு கட்டப் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாத 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம் வரை தேவைப்படும். முட்டை, மீன், பயறு, தயிர் தாராளமாகக் கொடுங்கள். ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு ஒரு மாதம் கிடப்பவர்களின் புண்தான் ஆற நாளாகிறது.

முழங்கால் மாற்றி மூன்று மாதம். தையல் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் தொட்டால் சூடாக இருக்கிறது, தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருக்கிறது. உள்ளே சீழ் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, வேலூர்

சூடு மட்டும் என்றால் பயம் வேண்டாம். திசு ஆறும்போது ரத்த ஓட்டம் கூடுவதால் ஆறு மாதம் வரைகூட இன்னொரு முழங்காலைவிடச் சூடாக இருக்கும். மரத்துப்போனது, கீறலில் அறுபடும் சிறு தோல் நரம்பால். அதுவும் தொற்று இல்லை.

வலி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வாரத்துக்கு வாரம் குறைந்தால் நல்லது. குறைந்துவந்த வலி திரும்ப ஏறினாலோ, ஓய்விலும் இரவிலும் வலித்தாலோ, மடங்கிய கால் மடங்க மறுத்தாலோ காட்டுங்கள். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், சில வாரங்களில் இறங்கிவிடும். இறங்கியது மறுபடி ஏறினால் சந்தேகப்பட வேண்டும். அப்போது ஊசியால் மூட்டுநீர் எடுப்பார்கள். ஆறு வாரத்துக்குப் பிந்தைய மூட்டில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 3,000-க்கு மேல் வெள்ளை அணு இருந்து, அதில் 80 சதவீதம் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். மெதுவாக வளரும் கிருமிகளும் உண்டு என்பதால் கல்ச்சரைப் பதினான்கு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடுப்பு மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. இனிமேல் தொற்று வராது அல்லவா? பல் பிடுங்கும்போது ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ள வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

அபாயம் குறையும், முழுதும் மறையாது. காலில் ஆறாத புண், தோல் கட்டி, சிறுநீர்த்தொற்று ஆகியவற்றிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி எத்தனை வருடம் கழித்தும் மூட்டில் போய் உட்காரலாம். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். பல் சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்த பழைய வழக்கத்துக்கு இப்போது பரிந்துரை இல்லை. எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும், முன்பே மூட்டில் தொற்று வந்தவர்களுக்கும் மட்டும் மருத்துவர் யோசித்துத் தருவார். பல்லைச் சுத்தமாக வைத்திருப்பது அந்த மாத்திரையைவிடப் பெரிய பாதுகாப்பு.

நன்றாக நடந்துகொண்டிருந்த மூட்டில் திடீரென்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது அவசரம். மூட்டுநீர் எடுக்கும்வரை எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், ஆனால் அதற்காக நாள் கடத்தவும் வேண்டாம். காய்ச்சல் கடுமையாகி மூச்சு வாங்கினால், குழம்பிப் பேசினால், ரத்த அழுத்தம் விழுந்தால் மட்டும், ரத்த கல்ச்சர் எடுத்த கையோடு மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும், செயற்கை மூட்டின் கம்பெனி, அளவு ஒட்டிய ஸ்டிக்கர் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே உள்ள பிளாஸ்டிக்கை மாற்ற வேண்டிவந்தால் அதே அளவு வேண்டும். தாள் இல்லாவிட்டால் அதைத் தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும்.